கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே

அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சி கூண்டில் நிற்கிறார். சம்பவ இடத்தில் டியூப்லைட் எரிந்தது, அந்த வெளிச்சத்தில்தான் எதிரியை அடையாளம் பார்த்தேன் என்கிறார். போலீசில் அவர் கொடுத்த வாக்குமூலத்தில் வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்வை மகஜரில் விளக்கு இல்லை. மாதிரி வரைபடத்தில் மின்கம்பம் இல்லை. வழக்குக் கட்டில் இவை 34, 11, 13ஆம் பக்கங்களில் தனித்தனியாகக் கிடந்தன. என் டேப்லெட்டில் ‘வெளிச்சம்’ என்று நான் பெயர் வைத்திருந்த குறிக்குக் கீழே மூன்றும் அடுத்தடுத்து நின்றன. குனிந்து நிமிர இரண்டு வினாடிதான். அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். சாட்சிக்கு வேறு பக்கம் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

வழக்கு முடிந்து அப்பீல் காலமும் கடந்துவிட்டது. இருந்தாலும் ஊர், உறவு, நேரம் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் பதினெட்டு வருஷமாக வக்கீல் தொழில். பெரும்பாலும் கிரிமினல், கொஞ்சம் சிவில். பார் ரூமில் ஜூனியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: “மேடம், எந்த டேப்லெட் வாங்கலாம்? எத்தனை ஜிபி?” இதற்குப் பதில் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஏ4 தாள் ஒன்று சுருங்காமல் கண்ணுக்குத் தெரிகிற அளவு திரை வேண்டும், பத்து பதினோரு அங்குலம். எழுத ஒரு பேனா வேண்டும். பிடிஎப்பில் குறி வைக்கவும், எழுதவும், தேடவும் விடுகிற ஒரு செயலி வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அவர்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: இது எதற்கு வேண்டும்? அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

என் சீனியர், திண்டுக்கல் தனி மாவட்டமாகிற 1985க்கு முன்பே தொழிலுக்கு வந்தவர். குறுக்கு விசாரணைக்கு முதல் நாள் இரவு ஒரு புல்ஸ்கேப் தாளை நெடுக்காக மடிப்பார். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் கட்டின் பக்க எண். சிவப்புப் பென்சில் கோடு போட்டால் அது முரண். நீலம் என்றால் விடுபட்டது. அந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நிற்பார். கட்டைப் பிரிக்கவே மாட்டார். ஒரு நாள்கூட அவர் பக்கத்தைத் தேடி நான் பார்த்ததில்லை.

நான் தேடியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருஷம், ஓர் அடிதடி வழக்கு. அடிபட்டவர் கூண்டில் நின்று ஐந்து பேர் அடித்தார்கள் என்றார். ஆஸ்பத்திரியில் போட்ட விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பியில் ‘தெரிந்த இரண்டு நபர்கள்’ என்றுதான் டாக்டர் எழுதியிருந்தார். வழக்கே அந்த வரியில்தான் நின்றது. எனக்குத் தெரியும், மனப்பாடம். ஆனால் அந்தத் தாள் எந்த இடத்தில் என்று கை தேடிக்கொண்டே இருந்தது. நகலின் நகலாக எடுத்த ஜெராக்ஸ், எல்லாத் தாளும் ஒரே சாம்பல் நிறம். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். கோர்ட்டில் ஒரு நிமிஷ மௌனம் என்பது ரொம்ப நீளம். நான் தாளை எடுத்து நிமிர்ந்தபோது சாட்சி தானாகவே சொன்னார்: “டாக்டர்கிட்ட மயக்கத்துல சொன்னேங்க.” நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. என்ன தேடுகிறேன் என்பதை என் விரல்களே அவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டன.

அன்றைக்குப் புரிந்தது இதுதான்: கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே விழுகிற மௌனம் சாட்சிக்குச் சொந்தம். அதில் அவர் யோசிப்பார், திருத்திக்கொள்வார், யாரையாவது பார்ப்பார். டேப்லெட்டை நான் வாங்கியது அந்த மௌனத்தைக் குறைக்கத்தான்.

அமெரிக்காவில் இந்தக் கருவி கோர்ட்டுக்குள் நுழைந்த கதையே வேறு. ஐபேட் 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. சில வருஷத்துக்குள் அங்கே ட்ரயல்பேட், ட்ரான்ஸ்கிரிப்ட்பேட் என்று விசாரணைக்கென்றே செயலிகள் பரவின. ஆவணத்தைப் பெரிய திரையில் காட்டலாம், ஒரு வரியைப் பெரிதாக்கி மஞ்சள் பூசலாம், சாட்சியத்தைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கலாம். ஜூரர்களைத் தேர்ந்தெடுப்பதற்குக்கூடச் செயலி இருந்தது. காரணம், அங்கே எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் சட்டம் படிக்காத பன்னிரண்டு பேர். அவர்கள் கண்ணுக்குக் காட்ட வேண்டும். விசாரணையும் தொடங்கினால் நாள் தவறாமல் நடந்து முடியும்.

நமக்கு ஜூரி கிடையாது. கேட்பவர் ஒரே ஒரு நீதிபதி. அவருக்குச் சட்டம் தெரியும், கட்டும் அவர் மேசையில் இருக்கிறது. திரையில் காட்டி அசத்த இங்கே யாருமில்லை. நம்முடைய கஷ்டம் வேறு. இங்கே விசாரணை துண்டு துண்டாக நடக்கிறது. முதல் விசாரணை மாசியில், குறுக்கு விசாரணை ஐப்பசியில். நடுவில் நீதிபதி மாறலாம், அரசு வழக்கறிஞர் மாறலாம், சாட்சியின் மனசும் மாறலாம். வினோத் குமார் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் (2015) உச்ச நீதிமன்றம் வருத்தத்தோடு சுட்டிக்காட்டியது இதைத்தான்: 1999 செப்டம்பரில் முதல் விசாரணை முடிந்த சாட்சியை 2001 மே மாதம் குறுக்கு விசாரணை செய்தார்கள். இருபது மாதம். அதற்குள் அவர் பிறழ் சாட்சியாகிவிட்டார். சாட்சி வந்துவிட்டால் நாள்தோறும் தொடர்ந்து விசாரிக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு சொன்னது; புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நடைமுறையில் வாய்தாக்கள்தான் இருக்கின்றன.

ஆகவே திண்டுக்கல் வக்கீலுக்கு டேப்லெட் ஞாபகசக்தியின் துணை. எட்டு மாதத்துக்கு முன் நான் இந்தக் கட்டைப் படித்தபோது என்ன நினைத்தேன், எந்த இடத்தில் சந்தேகப்பட்டேன், எதைக் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தேன், எல்லாம் அதே பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது. ‘கேட்கக் கூடாது’ என்று நான் எழுதிவைப்பவைதான் எனக்கு மிகவும் உதவியிருக்கின்றன. எட்டு மாதத்தில் கேள்விகள் மறக்காது. ஒரு கேள்வியைத் தவிர்த்த காரணம் மறந்துவிடும்.

இன்னொன்று, நம் கோர்ட்டில் சாட்சியம் சொல்லுக்குச் சொல் பதிவாவதில்லை. பெரும்பாலும் கேள்வி, பதில் இரண்டையும் சேர்த்து நீதிபதி ஒரு வாக்கியமாகச் சொல்ல, தட்டச்சர் தமிழில் அடிக்கிறார். சாட்சி தயங்கித் தயங்கி “இருந்துச்சு போல” என்று சொன்னது, தாளில் ‘இருந்தது’ என்று வரலாம். அந்த இடத்திலேயே எழுந்து பணிவாகச் சொன்னால் நீதிபதிகள் திருத்துகிறார்கள். மாலையில் சொன்னால் நடக்காது. அதனால் சாட்சி பேசும்போது அவர் வாயிலிருந்து வரும் சொல்லை அப்படியே பேனாவால் திரையில் எழுதிக்கொள்கிறேன். ஒலிப்பதிவு கூடவே கூடாது, அனுமதி இல்லை. ஒரு முறை புதிதாக வந்த நீதிபதி ஒருவர் என் கையைப் பார்த்து, “என்னம்மா, ரெக்கார்ட் பண்றீங்களா?” என்று கேட்டார். திரையைத் திருப்பிக் காட்டினேன், என் கோழிக்கிறுக்கலைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவர் கேட்டது முழுக்க நியாயம். அதிலிருந்து புது நீதிபதி வந்தால் முதல் நாளே சொல்லி அனுமதி வாங்கிவிடுகிறேன்.

முரண்பாட்டைப் பதிவு செய்வதில் ஒரு முறை இருக்கிறது, அதை எந்தச் செயலியும் நமக்காகச் செய்யாது. போலீஸ் வாக்குமூலத்தில் உள்ள குறிப்பிட்ட பகுதியைச் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 145, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 148. அவர் மறுத்தால், பின்னால் விசாரணை அதிகாரியைக் கூண்டில் ஏற்றி, இவர் உங்களிடம் இப்படிச் சொன்னாரா என்று கேட்டு நிரூபிக்க வேண்டும். சொல்லாமல் விட்டதும் முக்கியமானதாக இருந்தால் முரணாகும். தசில்தார் சிங் வழக்கு (1959) இன்றைக்கும் இதற்கு அடிப்படை. இரண்டாம் சாட்சிக்கும் விசாரணை அதிகாரிக்கும் நடுவே ஒரு வருஷம் ஓடிவிடலாம். விசாரணை அதிகாரியிடம் கேட்க மறந்துபோன முரண்கள் வாதத்தில் செல்லாக்காசு. நான் ஒவ்வொரு சாட்சி முடிந்ததும், நிரூபிக்க வேண்டிய இடங்களுக்குப் பச்சைக் குறி வைத்து ‘வி.அ.’ என்ற ஒரே தலைப்புக்குக் கீழே சேர்த்துவிடுகிறேன். அவர் வருகிற நாளில் பச்சையை மட்டும் திறந்தால் போதும்.

சரி, கட்டை டேப்லெட்டுக்குள் கொண்டுபோவது எப்படி? இங்கேதான் நம் ஊர் வக்கீலின் பொறுமை சோதிக்கப்படுகிறது. குற்றப்பத்திரிகை நகல்களை மின்னணு வடிவில் கொடுத்தாலும் கொடுத்ததாகவே கருதப்படும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 230ஆம் பிரிவு சொல்கிறது. எனக்கு இன்னும் பெரும்பாலும் தாள்தான் வருகிறது. குமாஸ்தா அண்ணன் பிரித்துக் கொடுக்க, நான் ஸ்கேன் செய்வேன். பக்க எண் தாளிலும் திரையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முகப்புத் தாளை விட்டுவிட்டு ஸ்கேன் செய்தால் 34 என்று நீங்கள் சொல்வது நீதிபதிக்கு 35ஆக இருக்கும், அங்கேயே மௌனம் விழும். பிறகு எழுத்துரு. மின்னணு வடிவில் வருகிற தமிழ் ஆவணங்கள் பல வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கில விசைகளின் குப்பை. யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்று அறிவித்தது 2010இல். பழைய பழக்கம் இன்னும் விடவில்லை. கையெழுத்தில் எழுதிய வாக்குமூலங்களைப் படிக்கும் மென்பொருளை நம்பி நான் ஒருபோதும் கூண்டுக்கு முன் நிற்க மாட்டேன். ‘பார்க்கவில்லை’ என்பதில் ‘வில்லை’யை அது விழுங்கிவிட்டால் ஒரு மனுஷனின் ஆயுள் போகும்.

ஆகவே தேடுதல் பெட்டி நமக்குப் பெரிய உதவி இல்லை. உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்து, கையால்தான் குறி வைக்க வேண்டும். நூற்றைம்பது பக்கக் கட்டுக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போகும். முதலில் இதை வீண் வேலை என்று நினைத்தேன். இப்போது இதுதான் வேலை என்று நினைக்கிறேன். என் சீனியர் தாளை மடித்து எழுதியது எதுவோ அதையேதான் நான் கண்ணாடித் திரையில் செய்கிறேன். ஜூனியரை விட்டுக் குறி வைக்கச் சொன்ன வழக்குகளில் கோர்ட்டில் நான் தடுமாறியிருக்கிறேன். குறியின் பெயரைப் பார்த்ததும் ‘இதற்குள் என்ன’ என்று யோசிக்க வேண்டி வந்தது.

தாள் கட்டும் கூடவே வரும். குமாஸ்தா அண்ணன் தினமும் காலையில் சொல்வார்: “மேடம், அது எங்க வேணா இருக்கட்டும், கட்ட மட்டும் விட்டுட்டுப் போயிராதீங்க.” முப்பது வருஷ அனுபவம் பேசுகிறது. சாட்சியிடம் காட்டுவதற்கு, கையெழுத்தை ஒப்பிடுவதற்கு, குறியீடு செய்வதற்கு, கோர்ட்டில் தாள்தான். வாய்தா தேதிக்கு நான் இ-கோர்ட்ஸ் செயலியைப் பார்க்கிறேன். பதினாறு இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டு வழக்கைச் சேர்த்துவிட்டால் அடுத்த தேதியும் எதற்காக என்பதும் வந்துவிடும். குமாஸ்தா அண்ணன் இன்னும் டைரியிலும் எழுதுகிறார். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் நேரில் போய்ப் பார்த்து வருபவரும் அவர்தான்.

இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. மின் தாக்கலைக் கட்டாயமாக்கியபோது தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் போராடினார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். நான் கருவிக்கு எதிரி இல்லை. ஆனால் ஒரு தாலுகா கோர்ட்டில் ஸ்கேனரும் நல்ல இணைப்பும் இல்லாமல் தொழில் செய்கிற அறுபது வயது வக்கீலின் கட்சிக்காரர், காலக்கெடு தவறிப்போய் உரிமையை இழக்கக் கூடாது. முதலில் வசதி, பிறகு கட்டாயம்.

2024 ஜூலை 1 முதல் பதிவான வழக்குகளில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: வீடியோ. சோதனையும் கைப்பற்றுதலும் ஒலி, ஒளிப் பதிவாக இருக்க வேண்டும் என்கிறது சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-சாக்ஷ்யா என்ற செயலி போலீசாருக்கு இதற்கென்றே வந்தது. மகஜரைப் படிப்பதும் வீடியோவைப் பார்ப்பதும் ஒன்றில்லை. எல்லா மகஜரும் ஒரே மாதிரிதான் பேசும். வீடியோவில் காற்று அடிக்கும், நிழல் விழும், யாரோ பின்னால் போவார்கள், மகஜர் சாட்சி எப்போது வந்து சேர்ந்தார் என்பது தெரியும். இரவில் டேப்லெட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, வினாடி எண்ணை எழுதிக்கொள்கிறேன். எதிரிக்குச் சாதகமாகவும் இருக்கலாம், பாதகமாகவும் இருக்கலாம். பாதகமாக இருந்தால் அதையும் கட்சிக்காரரிடம் நேராகச் சொல்ல முடிகிறது, “பாருங்கண்ணே, இது நீங்கதானே” என்று.

இந்த வீடியோ சாட்சியமாக ஏறுவதற்குச் சான்றிதழ் வேண்டும். அன்வர் வழக்கு (2014), அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கு (2020) இரண்டும் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழைக் கட்டாயமாக்கின. இப்போது சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு. சான்றிதழ் அ, ஆ என்று இரண்டு பகுதி, ஒன்றில் ஆவணத்தைத் தாக்கல் செய்பவர், இன்னொன்றில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். ‘ஹாஷ்’ மதிப்பையும் குறிக்க வேண்டும். இந்த ஹாஷ் என்றதும் என் வயது வக்கீல்கள் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. வழக்குச் சொத்தைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பும்போது அரக்கு முத்திரை வைப்போம், முத்திரையின் மாதிரியைத் தனியாக அனுப்புவோம், இரண்டும் ஒத்திருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். ஹாஷ் அந்த மாதிரி முத்திரைதான். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் வேறாகிவிடும். முத்திரை பற்றிக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவருக்கு ஹாஷ் பற்றியும் செய்யத் தெரியும்: எப்போது எடுத்தீர்கள், யார் எடுத்தார்கள், இடையில் யார் கையில் இருந்தது.

சிவில் பக்கம் டேப்லெட் எனக்கு அதிகம் பயன்பட்டது அட்வகேட் கமிஷனராகப் போன இடங்களில். வேடசந்தூர் பக்கம், குடகனாற்றுப் படுகையில் ஒரு வண்டிப்பாதைத் தகராறு. இரண்டு தரப்பும் வேலியின் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள், நடுவே சர்வேயர் சங்கிலியோடு. புலப்பட நகல் திரையில் இருந்தது. கல் இருக்க வேண்டிய இடத்தையும் இருக்கிற இடத்தையும் அதன் மேலேயே வரைந்து, இரண்டு தரப்பையும் கூப்பிட்டுக் காட்டினேன். அங்கேயே ஆட்சேபம் சொன்னார்கள், அங்கேயே குறித்தேன். அறிக்கை எழுத உட்காரும்போது ஞாபகத்தை நம்ப வேண்டியிருக்கவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் அந்தத் திரை கண்ணாடி மாதிரி என் முகத்தைத்தான் காட்டியது, முருங்கை மர நிழலுக்கு ஓடி ஓடிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நிழலும் மெல்லிசு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: படத்தில் பதிகிற ஜிபிஎஸ் இடக்குறி சில மீட்டர் தள்ளிக் காட்டும். அது படம் எடுத்த இடம் இந்தத் தோட்டம்தான் என்று சொல்லும். இரண்டடி எல்லைத் தகராறை அது தீர்க்காது. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ்ஸே கிடையாது.

பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் இணையத்தில் கிடைப்பதால், கட்சிக்காரர் உட்கார்ந்திருக்கும்போதே சர்வே எண்ணைச் சரிபார்க்க முடிகிறது. பிராதில் உட்பிரிவு எண் தப்பாகப் போய், ஐந்து வருஷம் கழித்துத் திருத்த மனு போட்ட வழக்குகளை நடத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னது ரகசியம், சட்டமே அதைக் காக்கிறது. போக்சோ வழக்கில் குழந்தையின் அடையாளம் வெளியே தெரியவே கூடாது. அந்தக் கட்டுகளை நான் எந்த மேகச் சேமிப்பிலும் ஏற்றுவதில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. டேப்லெட்டை வீட்டில் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுப்பதில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் சாட்சியத்தைக் கொட்டிச் சுருக்கம் கேட்பதும் இல்லை. நியூயார்க்கில் 2023இல் இல்லாத தீர்ப்புகளைச் சாட்ஜிபிடியிடமிருந்து எடுத்துத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு இதைப் பற்றிக் கொள்கையே வகுத்தது. தீர்ப்பை முழுக்கத் திறந்து படிக்காமல் அதன் பெயரை நான் கோர்ட்டில் உச்சரிப்பதில்லை.

இப்போது என்னிடம் ஒரு முதல் வருஷ ஜூனியர் இருக்கிறாள், நத்தம் பக்கத்துப் பெண். போன வாரம் ஒரு திருட்டு வழக்கின் கட்டைக் கேட்டாள். நான் குறி வைத்த பிடிஎப்பும் இருந்தது, குறி எதுவும் இல்லாத மூலப் பிரதியும் இருந்தது. மூலப் பிரதியைத்தான் அனுப்பினேன். “நீயே போட்டுப் பாரும்மா” என்றேன். முகம் கொஞ்சம் வாடியது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் போன்.

“மேடம், 22ஆம் பக்கமும் 41ஆம் பக்கமும் திறங்களேன். மகஜர் சாட்சி கையெழுத்து ரெண்டுலயும் வேற வேற மாதிரி இருக்கே, பாத்தீங்களா?”

திறந்தேன். இரண்டு பக்கத்திலும் என் குறிகள் இருந்தன. கையெழுத்தின் பக்கத்தில் எதுவும் இல்லை.